பாட்டுப் புத்தகத்தில் இல்லாத முடிவு

மாமி தன் ஆயுளில் ஒரு சினிமாவும் பார்த்ததில்லை. ஆனால் ஆந்திர ராஜ்ஜியம் பிறந்த புதிதில் திருப்பதியில் ஓடிய படங்களில் முக்கால்வாசிக்கு முடிவு என்ன என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த முடிவுகளையெல்லாம் அவருக்குச் சொன்னவள் நான்.

என் வீட்டுக்காரர் ஒரு தியேட்டரில் ஆபரேட்டர், மெஷினில் படம் ஓட்டுகிற வேலை. புத்தூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்குக் கோயில் கைங்கர்யக்காரர் ஒருவருடைய வீட்டின் பின்னால், சந்துப் பக்கம் பார்த்தாற்போல் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. எங்கள் பக்கத்துக்கும் அவர்கள் கிணற்றடிக்கும் நடுவில் கழுத்து உயரச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மாமி. கைங்கர்யக்காரரின் தங்கை. பதினோரு வயதில் தாலியை இழந்து, பெரியவளானதும் தலையை மழித்து, நார்மடிப் புடவை சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டு அடுக்களைக்குள் வந்தவர். நான் பார்க்கும்போது ஐம்பது வயதிருக்கும்.

மாமியின் மடி சாதாரண மடி அல்ல. என் நிழல் பட்டால் இன்னொரு முழுக்குப் போடுகிற மடி. ஆனால் காகிதத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார். “அச்சடிச்ச காகிதத்துக்குத் தீட்டு கெடையாதுடி” என்பார். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அவரே எழுதிக்கொண்ட சாஸ்திரம் என்றுதான் நினைக்கிறேன். படம் மாறினால் என் வீட்டுக்காரர் ஒரு பாட்டுப் புத்தகமும் பிடியளவு நோட்டீஸும் கொண்டுவருவார். அவற்றைச் சுவர்மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்துவிட்டு நான் நாலடி தள்ளி நிற்பேன். மாமி வந்து, கல்லை ஒரு குச்சியால் தள்ளிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வார். கல்லுக்குத் தீட்டு உண்டு போலிருக்கிறது.

பாட்டுப் புத்தகம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. மெல்லிய காகிதத்தில் எட்டுப் பக்கமோ பன்னிரண்டு பக்கமோ இருக்கும். அட்டையில் படம், உள்ளே நடிகர்கள் பெயர், அப்புறம் கதைச் சுருக்கம், அப்புறம் பாட்டுகள். அந்தக் கதைச் சுருக்கம் ஒருநாளும் முடியாது. பெண்ணின்மேல் பழி விழும், வீட்டை விட்டு விரட்டுவார்கள், இடி இடிக்கும், மழை கொட்டும். உடனே, “அபலையின் கதி என்ன? மிகுதியைத் திரையில் காண்க” என்று நிறுத்திவிடுவான். டிக்கெட் விற்கவேண்டுமே.

மாமியால் அந்த வரியைத் தாண்ட முடியாது. திரை அவருக்கு இந்த ஜன்மத்தில் வாய்க்கப்போவதில்லை. அதனால் நான் படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில் சுவரோரம் வந்து நிற்பார்.

“ஏண்டி, கடைசியில அவளுக்கு என்ன ஆச்சு?”

அது ஒன்றுதான் கேள்வி. கதாநாயகன் ஜெயிலிலிருந்து வந்தானா, காமிக் யார், டான்ஸ் எப்படி, ஒன்றும் வேண்டாம். யாருக்கு அநியாயம் நடந்ததோ அவளுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று. அதைத் தெரிந்துகொண்டால் போய்விடுவார்.

முதல் முறை கேட்டபோது உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அது ஓர் இளம் கைம்பெண்ணின் கதை. கடைசியில் ஏரியில் விழுந்து செத்துப்போகிறாள். முதல்நாள் பார்த்துவிட்டு அழுது அழுது என் கண் வீங்கியிருந்தது. மாமி தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவர், கயிற்றை இழுக்காமல் நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார். அந்த மொட்டைத் தலையையும் கயிற்றைப் பிடித்திருந்த கையையும் பார்த்த எனக்கு நாக்கு எழவில்லை. எழுந்தபோது வேறொன்றைச் சொன்னது.

“பொழச்சிக்கினா மாமி. ஒரு டாக்டரம்மா வந்து கூட்டிக்கினு போயி படிக்க வெச்சாங்க. இப்ப வாத்திச்சி ஆயிட்டா.”

“வாத்திச்சியா? பள்ளிக்கூடத்துலயா?”

“ஆமா மாமி. பசங்கள்லாம் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுதுங்க.”

மாமியின் கையிலிருந்து கயிறு நழுவி, வாளி தடாலென்று கிணற்றுக்குள் போய் விழுந்தது. அதை எடுக்கப் பாதாளக்கரண்டி போட வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம் நான் நிறுத்தவில்லை. படமெடுத்தவர்கள் கொன்ற பெண்களையெல்லாம் ஒருத்தி விடாமல் பிழைக்கவைத்தேன். ஒருத்திக்குத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ஒருத்தியை நர்ஸாக்கினேன். ஒருத்திக்கு மறுகல்யாணமே பண்ணிவைத்துவிட்டேன். அதைக் கேட்டு மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, “மாப்பிள்ளை நல்லவனா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மேட்னிக்கு ஜனமே லேது. நீ இன்னாடான்னா சொவத்தாண்ட தனியா ஒரு படம் ஓட்டிக்கினு கீற” என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊரில் அப்போது வேறு பேச்சு. ஆந்திரம் தனியாகப் பிரிந்து, சித்தூர் ஜில்லா அதோடு போய்விட்டது. எந்தத் தாலுகா யாருக்கு, எல்லைக்கோடு எங்கே என்று பஸ் ஸ்டாண்டிலும் காபி ஓட்டலிலும் தமிழும் தெலுங்கும் கலந்து சண்டை. எல்லைக் கமிட்டி நோட்டீஸும் சினிமா போஸ்டரும் ஒரே சுவரில், ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருக்கும். எங்கள் தியேட்டரில் தெலுங்குப் படங்கள் அதிகமாயின. மாமிக்குத் தெலுங்கு பேச வருமே தவிரப் படிக்க வராது. புத்தூரில் இரண்டும் படித்தவள் நான். தெலுங்குப் பாட்டுப் புத்தகம் வந்தால் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தமிழில் வாசித்துக் காட்டுவேன். ஒருநாள் வாசிப்பை நிறுத்திவிட்டு, எங்கள் ஊர் எந்தப் பக்கம் போகுமோ என்று கவலைப்பட்டேன்.

“பெருமாளே எந்த ஸ்டேட்டுன்னு கேக்காம நின்னுண்டிருக்கார், உனக்கென்னடி?” என்றார் மாமி. “அந்தப் பொண்ணு கதி என்னாச்சுன்னு சொல்லு.”

நோட்டீஸ்களை மாமி வேறு விதமாகப் பார்ப்பார். ஜட்கா வண்டியில் இருபுறமும் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு, ரோஸ், மஞ்சள், பச்சை என்று வீசிப்போகிற நோட்டீஸ்கள். “கண்ணீர்க் காவியம்”, “கைம்பெண்ணின் கதறல்” என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நடுவில் ஒரு பெண் முகம், கன்னத்தில் பட்டாணி அளவு கண்ணீர்த் துளி. நாலைந்து நோட்டீஸைத் துவைக்கிற கல்லின்மேல் பரப்பிவைத்து, ஒருநாள் மாமி கேட்டார்.

“ஏண்டி, எல்லாத்துலயும் அழறவ மூஞ்சியே போட்டிருக்கானே. அழவெச்சவா மூஞ்சிய ஒருத்தனும் போட மாட்டானா?”

“அத யாரு மாமி பாக்க வருவாங்க?”

“அதுவும் சரிதான். அவாளே வந்து பாப்பாளா என்ன” என்று சொல்லி நோட்டீஸ்களை அடுக்கினார்.

அந்த வருஷம் சித்திரையிலேயே சந்துக் குழாய் வறண்டுவிட்டது. மாமிதான் தண்ணீர் கொடுத்தார். நான் குடத்தைச் சுவரடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மாமி அந்தப் பக்கம் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று, சுவருக்கு மேலாகப் பித்தளைக் குடத்தைச் சாய்த்து ஊற்றுவார். இரண்டு குடமும் தொட்டுவிடக் கூடாது. பாதித் தண்ணீர் மண்ணுக்குப் போகும், மீதி குடத்துக்கு. தினமும் ஆறு குடம். அந்த வயதில், ஒருவேளைச் சாப்பாட்டில், அவர் எனக்காகச் சேந்திய தண்ணீர் அது. நன்றி மறக்கக் கூடாது. சுவரடியில் நான் ஒதுங்கி நின்றதையும் மறக்க முடியவில்லை.

அந்தக் கோடையில்தான் அந்தப் படம் வந்தது. தீண்டாமையைப் பற்றிய படம் என்று பேச்சு. பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் சிவப்பும் நீலமுமாக ஒரு சித்திரம். கீழே ஒரு பெண் மண்டியிட்டுக் கைகளைக் குவித்து ஏந்தியிருக்கிறாள். மேலேயிருந்து இரண்டு கைகள் ஒரு செம்பைச் சாய்க்கின்றன. கைகளில் வளையல். கைக்குச் சொந்தக்காரியின் முகம் அட்டைக்குள் வரவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. சுவர்மேல் வைப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மாமியே, “படம் மாறிடுத்தே, புஸ்தகம் எங்கடி?” என்று கேட்டுவிட்டார். கொஞ்சம் கோபத்தோடுதான் வைத்தேன். அன்றைக்குக் கல் வைக்கவில்லை.

மாமி அட்டையை வெகுநேரம் பார்த்தார்.

“இந்த ஒண்ணுலயாவது கையப் போட்டிருக்கான்” என்றார். அப்புறம் தன் இரண்டு கைகளையும் நீட்டித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “அவ கையில வளையல் இருக்கு. நேக்கு இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.”

மாமி நிமிர்ந்து என்னைக் கேட்டார்: “உங்க ஊர்ல நீங்க யாருக்காவது இப்படி ஊத்துவேளா?”

குத்திக்காட்டுவதற்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்கள் நைனாவுக்கு நாலு ஏக்கர் நஞ்சையும் மாடு கட்டி இறைக்கிற சொந்தக் கவலைக் கிணறும் இருந்தன. சேரிப் பெண்கள் குடத்தோடு வந்து வரப்பில் காத்திருப்பார்கள்.

“ஊத்துவோம் மாமி. சேரி ஜனங்களுக்கு. நானே ஊத்திக்கினு இருந்தேன்.”

“வளையல் போட்டுண்டா?”

“ஆமா மாமி. கை நெறைய.”

மாமி புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாளும் ஆறு குடம் தண்ணீர் அதே மாதிரி மேலேயிருந்து விழுந்தது. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. படம் பத்து நாள் ஓடியது. அவளுக்கு என்ன ஆச்சு என்று மாமி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆடி மாதம் அலமேலு வந்து சேர்ந்தாள். கைங்கர்யக்காரரின் ஒரே மகள். பிரசவத்திலேயே தாயை இழந்த குழந்தையை மாமிதான் வளர்த்தார். ஸ்கூல் பைனல் முடித்த கையோடு கல்யாணம் பண்ணி அனுப்பிய பெண், எட்டே மாதத்தில் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துத் திரும்பிவந்தாள். பதினெட்டு வயது. முழங்கால்வரை தலைமுடி. அவள் கிணற்றடியில் உட்கார்ந்திருப்பதைச் சுவர் வழியாகப் பார்க்கும்போதெல்லாம், எத்தனையோ நோட்டீஸில் பார்த்த முகம் இதுதானே என்று எனக்குத் தோன்றும். இது நோட்டீஸ் இல்லை. அடுத்த புதன்கிழமை வரச்சொல்லி நாவிதனுக்குத் தகவல் போயிருந்தது.

மாமி சுவரோரம் வந்தார். புதுப் படம் ஒன்றும் வரவில்லை.

“அந்த வாத்திச்சி ஆனாளே, அவ எங்க போய்ப் படிச்சா?”

ஏரியில் மிதந்தவளுக்கு நான் எந்தப் பள்ளிக்கூடத்தைச் சொல்வேன்? நல்லவேளையாக, டிரெயினிங் படித்த எங்கள் ஊர் மணியக்காரர் பெண் ஞாபகத்துக்கு வந்தாள்.

“சித்தூர்ல மாமி. பொம்பளங்களுக்கு டிரெயினிங் ஸ்கூல் கீது. ஆஸ்டல் கூட கீது.”

அது நிஜம். என் பொய்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் விலாசம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் பேச்சுக் கேட்டு எட்டிப் பார்த்தேன். மாமி அண்ணனைக் கிணற்றடிக்கே கூட்டிவந்திருந்தார். துவைக்கிற கல்லின்மேல் பாட்டுப் புத்தகங்களை வரிசையாகப் பரப்பியிருந்தார்.

“இதோ பாரு அண்ணா. இவ வாத்திச்சி ஆயிருக்கா. இவ நர்ஸ் ஆயிருக்கா. இவாள் ஆத்துலயெல்லாம் இடி விழல. கொழந்தைய சித்தூருக்கு அனுப்பு. படிக்கட்டும்.”

அண்ணா ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். சிரித்தார்.

“அசடே, யார் சொன்னா உனக்கு? இவ ஏரியில விழுந்து செத்துப்போறா. பொணம் மெதந்து வரது. நானே பாத்தேனே.”

என் கையில் சாம்பலும் தேங்காய் நாரும் அப்படியே நின்றுவிட்டன. நான் செய்த வேலையால் ஒரு பெண்ணின் தலை போகப்போகிறது என்று நினைத்தேன். அப்புறம் மாமியின் குரல், சாதாரணமாக:

“நீ எப்போண்ணா சினிமாவுக்குப் போனே?”

அண்ணா புத்தகத்தை மூடினார்.

“சந்திரகிரிக்குத் திவசத்துக்குப் போறேன்னு போனியே, அன்னிக்கா?”

அன்றைக்குத்தான். அண்ணா துண்டால் நாமத்தை மறைத்துக்கொண்டு மேட்னி ஷோவுக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுததை மெஷின் ரூம் ஓட்டை வழியாகப் பார்த்த என் வீட்டுக்காரர் என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

“போனது தப்புன்னு நான் சொல்லல” என்றார் மாமி. “நீ பாத்ததச் சொல்றே. நான் அச்சுல இருக்கறதப் படிக்கறேன். ‘அபலையின் கதி என்ன?’ன்னு போட்டிருக்கு. செத்தான்னு எங்க போட்டிருக்கு, காட்டு.”

“அது டிக்கெட்டுக்காகப் போடறது, பைத்தியமே.”

“எதுக்காகவோ. கேள்விதானே போட்டிருக்கான்? பதில் நாமதான் சொல்லணும். நேக்கு நீங்கள்லாம் சேந்து ஒரு பதில் சொன்னேள். நாப்பது வருஷமா தடவிப் பாத்துண்டிருக்கேன். கொழந்தைக்கு வேற பதில் சொல்லு.”

அண்ணா புத்தகத்தைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போகிற காலடிச் சத்தம் கேட்டது. படத்துக்கு அழுத மனுஷன்தானே, பெற்ற மகளுக்கு அழமாட்டாரா என்று நான் நினைத்துக்கொண்டேன். புதன்கிழமை நாவிதன் வந்தான். மாமி கொல்லைக் கதவைத் திறந்து, “ஈ ரோஜு பனி லேது, வெள்ளு”, இன்றைக்கு வேலையில்லை போ என்று தெலுங்கில் சொல்லித் திருப்பி அனுப்பினார். அண்ணா உள்ளே பூஜை மணியைக் கொஞ்சம் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் அலமேலு ஒரு டிரங்குப் பெட்டியோடு சித்தூர் பஸ் ஏறினாள்.

அவள் போன மறுநாள் மாமி சுவரோரம் வந்தார்.

“ஏரியில விழுந்துட்டாளா?”

“ஆமா மாமி.”

“அந்த நர்ஸ்?”

“அவளும் இல்ல மாமி. யாருமே பொழைக்கல. நான்தான் சொல்லிக்கினு இருந்தேன்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்கவும் தெரியவில்லை.

“நீ மொதல்லயே நிஜத்தச் சொல்லியிருந்தா, அவாளுக்கெல்லாம் அதான் கதின்னு நானும் பேசாம இருந்திருப்பேன்” என்றார் மாமி. போகும்போது திரும்பி, “அந்த மாப்பிள்ளை நல்லவன்னு சொன்னியே, அவனுமா பொய்?” என்று கேட்டார். அதற்கு மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நூறு பொய் சொல்லியிருப்பேன்.

அதற்கப்புறம் என் வீட்டுக்காரருக்குச் சித்தூரில் ஒரு தியேட்டரில் வேலை கிடைத்து நாங்கள் போய்விட்டோம். புறப்படும்போது சொல்லிக்கொள்ளப் போனேன். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கும்பிட்டேன். அந்தப் பக்கம் நின்று கையை உயர்த்தினார். கடைசிவரை என்னைத் தொட்டதில்லை. மாமியை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது, இதுவும் கூடவே நினைவுக்கு வருகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திருத்தணி அந்தப் பக்கம் போய், சத்தியவேடு இந்தப் பக்கம் வந்து, எல்லைச் சண்டை ஒருவழியாக ஓய்ந்த வருஷம் அலமேலு என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். நகரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி. பின்னலிட்ட தலை, கையில் குடை, தோளில் பை. என் பாயில் உட்கார்ந்தாள். நான் கொடுத்த தண்ணீரை டம்ளரோடு வாங்கிக் குடித்தாள். அத்தை தை மாதம் காலமாகிவிட்டார் என்று சொன்னாள். பையிலிருந்து, பழைய நார்மடித் துண்டில் சுற்றிய ஒரு கட்டினை எடுத்து, “அக்கா, இத உங்ககிட்டதான் கொடுக்கச் சொன்னா” என்று என் கையில் வைத்தாள்.

பாட்டுப் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் “மிகுதியைத் திரையில் காண்க” என்ற வரியின் கீழே பென்சிலால் எழுதியிருந்தது. “ஆபரேட்டர் பெண்டாட்டி சொன்னது: பிழைத்தாள். வாத்திச்சி.” “ஆபரேட்டர் பெண்டாட்டி சொன்னது: தையல் மெஷின். சௌக்கியம்.” “மறுவிவாகம். மாப்பிள்ளை நல்லவன்.” உண்மை தெரிந்த பிறகும் ஒன்றையும் அழிக்கவில்லை.

கட்டின் அடியில் சிவப்பும் நீலமுமான அந்தப் புத்தகம் இருந்தது. அதிலும் எழுதியிருந்தது. அலமேலுதான் வாய்விட்டுப் படித்தாள்:

“இவளுக்கு என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கணும்.”

படித்துவிட்டு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். குவித்த கைகளையும் வளையல் கைகளையும் பார்த்தாள். நிமிர்ந்து, அப்படியே அத்தையின் குரலில் கேட்டாள்.

“கடைசியில அவளுக்கு என்னாச்சு அக்கா?”

வழக்கம்போல ஒரு நல்ல முடிவு என் வாய்வரை வந்தது. ஊரை விட்டுப் போனாள், பிழைத்தாள், சொந்தமாகக் கிணறு வெட்டினாள். சொல்ல நினைத்தேன், முடியவில்லை. படம் ஓடிய பத்து நாளும் கையில் பாஸ் இருந்தது. எந்தப் படத்தையும் விடாதவள் நான்.

“தெரியாது கண்ணு” என்றேன். “அந்தப் படத்துக்கு நான் போவல.”